ஆப்புக்குத்தான் தெரியும்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் திட்டில் ஒரு குப்பம், அந்தக் குப்பத்தில் நீலமேகம் என்று ஒரு மீன்காரன். வெறும் நீலமேகம் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள். ஆப்பு நீலமேகம் என்று கேட்க வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்த எவனும் அப்படி ஒரு பெயரைச் சுமக்கச் சம்மதிப்பானா? இவன் சம்மதித்தான். சம்மதித்தது மட்டுமா, புதிதாக யாராவது வந்தால் தானே முந்திக்கொண்டு, "ஆப்பு நீலமேகம்னா நாந்தான், இன்னா வேணும்?" என்பான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு உலையில் அரிசி வேகாது. நானும் கொஞ்சம் அவனைப் போலத்தான். பொறுமையாகக் கேளுங்கள்.

ஆள் ஒன்றும் பெரிய வீரன் இல்லை. கடல் திறந்திருக்கும் மாதங்களில் கட்டுமரம். கடல் முரண்டு பிடிக்கும் மாதங்களில் ஏரி. ஏரியில் வலை கட்டக் கழி நடுவதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முகத்துவாரத்தின் பக்கம் நீரோட்டம் மாட்டைப் போல முட்டும். அங்கே கழியை நேராக நட்டால் சாய்ந்துபோகும். அதனால் ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்து நடுவார்கள். நீலமேகம் எல்லாரையும்விட ஒரு பிடி கூடச் சாய்ப்பான். "தண்ணிக்குக் கொஞ்சம் தள்ளிக் குடுத்துடணும்பா. அதுவே இஸ்து நிமித்திடும்" என்பான். மறுநாள் போய்ப் பார்த்தால் மற்றவர் கழிகள் குடித்தவன் போலத் தள்ளாட, இவன் கழி அளந்து வைத்தாற்போல் நிற்கும். இந்தக் கை வித்தையை மறந்துவிடாதீர்கள். இவனை ஏற்றியதும் அதுதான், கவிழ்க்கப் பார்த்ததும் அதுதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. கடல் மணல் மேட்டைத் தாண்டிக் குதித்து, குப்பத்தின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றில் விழுந்தது. சுற்றிலும் கடல், பின்னால் உப்பு ஏரி, நடுவே அந்த ஒரு கிணறு. அதில்தான் மூன்று தலைமுறை பிழைத்தது. அது போனால் குப்பம் போச்சு. படகுகளில் ஒன்றுதான் உருப்படியாக மிஞ்சியது. அதில் அக்கரையிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் வந்தது.

நீலமேகத்தின் மனைவி குப்பம்மாள் புயல் ஓய்ந்த மறுவாரம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு குடம் எந்த மூலைக்கு? கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தாள். வாய் வெந்தது, வயிறு கலங்கியது, பால் வற்ற ஆரம்பித்தது. குழந்தை அழுகிற சத்தம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார நீலமேகத்தால் முடியவில்லை. கிணற்றடியே கதியென்று கிடந்து, எல்லாரோடும் சேர்ந்து குடம் குடமாக இறைத்தான். இறைக்க இறைக்கத் தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம், உப்பு போகவில்லை.

"டேய், நிறுத்துங்கடா" என்றார் ஆதிநாராயணன். அவர்தான் குப்பத்தின் பெரியதனம். "உப்புத் தண்ணி கனம். அது அடியில போய் உக்காந்துகீது. மேல மழைத்தண்ணி நிக்குது. நீங்க குடத்த உட்டு நல்ல தண்ணிய வெளிய ஊத்திட்டு, உப்பக் கலக்கி உட்டுகினு கீறீங்க. அடியில இருக்கறத மட்டும் ஓசப்படாம உறிஞ்சணும்."

"எத்த வச்சி உறிஞ்சறது? தென்ன ஓலையா?" என்றான் இறைத்துக்கொண்டிருந்த ஒருவன்.

ஆதிநாராயணன் படகேறிக் கோட்டைக்குப் போனார். கிடங்கில் உடைந்த கப்பலிலிருந்து கழற்றிய பழைய பம்பு ஒன்று கிடந்தது. நீளமான மரக் குழாய், உள்ளே தோல் சுற்றிய தண்டு. எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஆனால் குழாயின் அடியில் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடிக்கிற வாயும் அடைப்பும் இல்லை. அது இல்லாத பம்பு ஓட்டைச் சட்டிதான்.

அதைச் செய்து தர ஊரிலே ஒரே ஆள்தான். கோட்டைத் தெருவில் பித்தளைப் பட்டறை வைத்திருந்த தானியேல் மேஸ்திரி. ஒல்லியான மனுஷர். அதிகம் பேசமாட்டார், பேசினால் காரம் தூக்கலாக இருக்கும். பம்பை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சதுரமா ஒரு வாய். நாலு சட்டம் சேத்துக் கட்டணும். அதுல உக்கார சதுரமா ஒரு அடைப்பு, மேல அகலம், கீழ குறுகல். தண்ணி மோதினா எழும்பும், நின்னா விழுந்து மூடிக்கும். நாலு சாய்வும் நாலு சட்டத்தோட ஒட்டி உக்காந்தா ஒரு சொட்டு எறங்காது. பித்தள வேணும். எங்கிட்ட இல்ல."

குப்பத்தில் ஏது பித்தளை? ஒன்றே ஒன்று இருந்தது. அம்மன் கோயில் தூண்டாமணி விளக்கு. ஆதிநாராயணன் சூடம் கொளுத்திக் கும்பிட்டு, "தாயே, உன் கொழந்திங்க தொண்ட காஞ்சு கீது, கோச்சிக்காதே" என்று சொல்லி இறக்கினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். விளக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைக் கடந்தவன் நீலமேகம். உருக்கி வார்த்ததில் நாலு சட்டத்துக்கும் ஒரு அடைப்புக்கும் சரியாக இருந்தது, ஒரு மூக்குத்திக்கு மிச்சமில்லை.

பட்டறையில் சக்கரம் சுற்றுகிற ஆள் காய்ச்சலில் படுத்திருந்தான். "நான் சுத்தறன் மேஸ்திரி" என்றான் நீலமேகம். அப்படித்தான் அவன் அந்த யந்திரத்தின் முன்னால் போய் நின்றான்.

அடேயப்பா! அதை முதன்முதலாகப் பார்த்ததைச் சொல்லும்போது கிழவனான பிறகும் அவனுக்குக் கண் விரியும். கடிகாரம் பழுது பார்க்க வந்த ஓர் ஒலாந்தாக்காரர் ஊர் திரும்பும்போது தானியேலிடம் விட்டுப் போன யந்திரம் அது. மேசைமேல் அடங்கிவிடும். கைச்சக்கரத்தைச் சுற்றினால் கயிறு ஓடி, அப்பளம் அளவுக்கு ஓர் எஃகு வட்டம் சுழலும். அதன் விளிம்பெல்லாம் பல். அடியில் ஒரு சின்ன வண்டி. திருகைத் திருப்பத் திருப்ப வண்டி மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்ந்து, மேலே இருக்கிற பித்தளையைப் பல்லுக்குக் கொடுக்கும். நீலமேகம் சுற்ற, தானியேல் திருகைத் திருப்ப, பித்தளை கரகரவென்று பொன் பொடியாகக் கொட்டியது. பொடியை ஊதிவிட்டுப் பார்த்தால் கண்ணாடி! அதில் அவன் மீசை தெரிந்தது.

"மேஸ்திரி, இது இன்னா, பல் வச்ச பேயா?"

"கைய உள்ள உட்டுப் பாரு, தெரியும்."

ஆனால் அந்த வட்டக் கத்தி நேராகத்தான் சுழன்றது, வண்டி நேராகத்தான் போனது. சாய்வு எங்கிருந்து வரும்? நீலமேகம் அதைக் கேட்பதற்குள் தானியேல் ஒரு சாமானை எடுத்து வண்டிமேல் வைத்தார். இரண்டு இரும்புப் பலகைகள், ஒரு பக்கம் கீல். புத்தகம் போலத் திறக்கும். இடையில் ஓர் இரும்பு ஆப்பைச் செருகினால், எவ்வளவு செருகுகிறோமோ அவ்வளவு மேல்பலகை சாய்ந்து நிற்கும். பக்கத்தில் ஒரு திருகு, இறுக்கினால் மலை நகர்ந்தாலும் அது நகராது. சாய்ந்த பலகையின்மேல் சட்டத்தை வைத்து இடுக்கியால் கவ்வினார். கத்தி எப்போதும்போல் நேரே போனது. சட்டத்தைக் கழற்றி நிமிர்த்தியபோது அதில் வழவழவென்று ஒரு சாய்வு இருந்தது.

நீலமேகத்துக்குச் சக்கரத்தைச் சுற்றுகிற கை நின்றுவிட்டது. அவன் அறிந்த உலகத்தில் சாய்வாக வெட்ட வேண்டுமென்றால் மனுஷன் சாய்வான், மரம் செதுக்குகிற வாச்சி சாயும். இங்கே கத்தி தன் பாட்டுக்கு நேரே போகிறது, பித்தளை போய் அதற்குச் சாய்ந்து படுத்துக்கொள்கிறது! அன்று இரவு குப்பம்மாளிடம் அதைத்தான் சொன்னான். "சாமி சத்தியமா சொல்றன், கத்தி ஒரு நூலு கூட வளையல. அந்தப் பலக தலகாணி மாதிரி தாங்கிக்குது. இப்பிடி ஒண்ண மனுசன் யோசிச்சிருக்கானே!" அவள் பாதி மயக்கத்தில் இருந்தாள். "தண்ணி எப்பய்யா வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு சட்டமும் ஒரே ஆப்பின்மேல் முடிந்தன. அடுத்து அடைப்பு. அதைக் கவிழ்த்து வைத்துக் கவ்வினார் தானியேல். ஒரு முகம், இரண்டு முகம், மூன்று முகம். ஒவ்வொன்றும் பொன்னாக இறங்கியது. நாலாவதற்குப் பிடித்து வைத்துவிட்டு, கத்தியின் பல் மழுங்கிவிட்டதென்று அதைக் கழற்றிச் சாணை பிடிக்கப் பின்கட்டுக்குப் போனார்.

நீலமேகம் தனியாக நின்றான். வெகுநேரமாக அவன் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தான். கத்தி எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து பித்தளையை முட்டுகிறது. முகத்துவாரத்தில் ஓட்டம் கழியை முட்டுகிற மாதிரியே! இவ்வளவு முட்டினால் பலகை கொஞ்சம் நிமிர்ந்துவிடாதா? மூன்று முகம் தாங்கியது சரி, இத்தனை முட்டு வாங்கி இறுக்கம் தளர்ந்திருந்தால் நாலாவது தாங்குமா? மேஸ்திரி பெரிய ஆள்தான், ஆனால் ஓட்டத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், கரையில் பிறந்த மனுஷர்! கீழே ஒரு பனஞ்சிராய் கிடந்தது. திருகை லேசாகத் தளர்த்தி, ஆப்பின் வாலுக்கு அடியில் அதைச் செருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, திருகை மறுபடி இறுக்கினான். கொஞ்சம் தள்ளிக் கொடுத்தாயிற்று. நல்ல காரியம் செய்த திருப்தியோடு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

தானியேல் வந்தார். கத்தியைப் பூட்டினார். வெட்டினார்கள்.

பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, கட்டி முடித்த வாயின் உட்புறம் மெல்லத் தடவி, அடைப்பை உட்காரவைத்து எடுத்தார். ஒட்டுகிற இடமெல்லாம் கரி ஏறியிருக்க வேண்டும். மூன்று முகமும் கன்னங்கரேல் என்று இருந்தன. நாலாவதில் குழந்தைக்கு மை இழுத்தாற்போல் மேலோரத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

தானியேலின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பித்தளை வாயில் தண்ணீர் ஊற்றினார். அடைப்பு ஒரு பக்கம் ஆடியது, அந்தப் பக்கமாகத் தண்ணீர் கொடகொடவென்று இறங்கி அவர் காலை நனைத்தது. "எப்பிடி? அசையலியே, ஒண்ணும் அசையலியே!" என்று குனிந்து பலகையைப் பார்த்தார். ஆப்பின் அடியில் பனஞ்சிராயின் நுனி தெரிந்தது.

"இது இன்னாது?"

"நாந்தான் வச்சேன் மேஸ்திரி. கத்தி முட்டுதே, நிமிந்துடும்னு... கொஞ்சம் தள்ளிக் குடுத்தேன்."

"அடப்பாவி!" தானியேல் தலையில் அடித்துக்கொண்டார். "இது இன்னா ஏரியாடா? சேத்துல நட்ட கழியாடா? இரும்புடா! ஆயிரம் வாட்டி முட்டினாலும் வச்ச எடத்துல நிக்கும்டா!"

அடைப்பைத் திரும்ப வெட்டினால் சிறுத்துப்போய் வாயின் வழியே விழுந்துவிடும். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. இதையே உருக்கினால் பொடியாகப் போனது போக அளவு பத்தாது, வேறு பித்தளையும் இல்லை. அம்மன் விளக்கு போனது போனதுதான். நீலமேகத்தின் காதில் அந்தச் சின்ன அழுகை கேட்டது. ஏரிக்கு அக்கரையில் இருக்கிற குழந்தையின் சத்தம் இங்கே எப்படிக் கேட்கும்? கேட்டது என்றுதான் அவன் கடைசிவரை சொன்னான். அவமானமும் துக்கமுமாக, செய்ததைக் கலைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதுபோல, குனிந்து பனஞ்சிராயைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

பட்டறையின் கூரையில் இருந்த புறா பறந்துபோனது. அப்படி ஒரு கத்தல். தானியேல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உட்டுடு. அத்தப் புடுங்கினியோ, குரங்கு செத்த மாதிரி நம்ப எல்லாம் செத்தோம். அந்தச் சிராய் எவ்ளோ கனம்? சொல்லு."

"தெரியாது மேஸ்திரி."

"எனக்கும் தெரியாது. நீ எவ்ளோ சாச்சேன்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. ஆப்புக்குத்தான் தெரியும். அது இன்னும் அங்கயேதான் கீது."

நீலமேகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.  பித்தளை வாயின் கட்டைத் தானியேல் தட்டிப் பிரித்து, நாலாவது முகத்தோடு சேர வேண்டிய சட்டத்தை மட்டும் கையில் எடுத்தார். ஆப்பையும் சிராயையும் பலகையையும் தூசி தட்டக்கூட விடவில்லை. அடைப்பு கவிழ்ந்து உட்கார்ந்திருந்த அதே இடத்தில் சட்டத்தை நிமிர்த்தி வைத்து, மூச்சு விடாமல் இடுக்கியை இறுக்கினார். அந்தச் சட்டத்தில் இன்னும் வெட்ட ஒரு நகத்தின் கனத்துக்குச் சதை மிச்சமிருந்தது. "அடைப்பு தப்பா சாஞ்சா, சட்டமும் அதே தப்பா சாயட்டும். ரெண்டு பேரும் ஒரே தலகாணியில படுத்து எழுந்தா சண்ட வராது. மெல்லச் சுத்து. உன் கொழந்தயத் தூங்க வைக்கிற மாதிரி சுத்து."

அவன் சுற்றினான். கண் கத்திமேல் இல்லை, சிராயின் நுனிமேல் இருந்தது. கடலில் போகும்போது அம்மனைக் கூப்பிடுவான், அன்றைக்கு அந்தப் பனஞ்சிராயைக் கூப்பிட்டான். நகராதே, என் சாமி, நகராதே. பித்தளைப் பொடி அவன் முன்கையில் மெல்ல விழுந்துகொண்டே இருந்தது.

கட்டி முடித்து, மறுபடி கரி தடவி, அடைப்பை வைத்து எடுத்தார் தானியேல். முதலில் அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நீ பாரு" என்று நீட்டினார்.

ஒரு முகம் கறுப்பு. திருப்பினான், கறுப்பு. கறுப்பு. நாலாவது முகம் மூலைக்கு மூலை, ஓரத்துக்கு ஓரம், ஊசி முனைகூட இடைவெளி இல்லாமல் அமாவாசையாக இருந்தது.

 பித்தளை வாயை நிமிர்த்தி வைத்து அடைப்பைப் பொருத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் நின்றது. குனிந்து அடியில் விரலை வைத்துப் பார்த்தான், உலர்ந்திருந்தது. இரண்டு துண்டுப் பித்தளை, ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக வெட்டியவை, இப்படியா ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும்? அவன் அப்படியே தரையில் விழுந்து அந்த இரும்புப் பலகையைக் கும்பிட்டான். "எந்திரிடா, வேதக்காரன் பட்டறையில இரும்பக் கும்புடறான்" என்று தானியேல் அதட்டினார்.  தானும் ஒருமுறை அடைப்பைத் தூக்கி, அது டக்கென்று விழுந்து உட்காருவதைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. பிறகு சும்மா, பார்ப்பதற்காகவே இன்னொரு முறை.

அந்த அடைப்பு ஒரு பக்கமாக மட்டும்தான் உட்காரும், திருப்பிப் போட்டால் சேராது. மாறிப்போகாமல் இருக்க இரண்டிலும் ஒரு மீனைக் கீறிக் கொடுத்தார். "ஆப்பு நீலமேகம்" என்று முதலில் கூப்பிட்டதும் அவர்தான். படகு ஏறும்போது கரையிலிருந்து கத்தினார். "யோவ் ஆப்பு, பம்ப நேரா நடு! கொஞ்சம்கூடத் தள்ளிக் குடுக்காதே!"

நேராகவே நட்டான். குழாய் கிணற்றின் அடியைத் தொட்டது. தண்டை இழுத்தால் கீழே அடைப்பு எழும்புவதும், விட்டால் டக்கென்று விழுவதும் கைக்குத் தெரிந்தது. அது அம்மன் வாய் திறந்து பேசுகிற சத்தம் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல் உப்பு கரைத்தாற்போல் கரிக்கிற தண்ணீர் குழாய் வாயிலிருந்து கொட்டி, வெட்டிய கால்வாய் வழியே ஏரிக்கு ஓடியது. மேல்தண்ணீர் ஓர் அலைகூட இல்லாமல் அசையாமல் இறங்கியது. முறை போட்டு இழுத்தார்கள். கார்த்திகை மழையும் கை கொடுத்தது. நீலமேகம் தன் முறை முடிந்தும் நகரமாட்டான், காதைக் குழாயில் வைத்து அந்த டக்கைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு காலையில் ஆதிநாராயணன் செம்பில் மொண்டு வந்தார். யார் முதலில் குடிப்பது என்று பேச்சே எழவில்லை. எல்லாரும் குப்பம்மாளின் குடிசைக்கு நடந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. நீலமேகம் செம்பை அவள் வாயில் வைத்தான்.

ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். வாசலில் நின்ற ஊருக்கு மூச்சு நின்றது.

"இன்னா? கரிக்குதா?" என்றான் நீலமேகம்.

அவள் செம்பைப் பிடுங்கி, கழுத்தில் வழிய வழிய முழுசாகக் குடித்து முடித்தாள். கடைசிச் சொட்டில் விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. குப்பம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"சப்புனு கீதுய்யா," என்றாள். "ஒரு ருசியும் இல்ல. இன்னும் கொண்டா!"